பயணத்துக்கு இரைச்சல் நீக்கும் ஹெட்போன்: குறைந்த விலையில் தேர்ந்தெடுப்பது எப்படி?

பாட்டையும் பேச்சையும் கேட்கச் செய்வதோடு, வெளியிலிருந்து வரும் இரைச்சலைக் குறைக்கும் வேலையையும் சேர்த்துச் செய்யும் ஹெட்போனை இரைச்சல் நீக்கும் ஹெட்போன் என்கிறோம். கடைக்காரர்கள் 'நாய்ஸ் கேன்சலிங்' என்பார்கள். பெட்டியின் மேல் 'ஏ.என்.சி.' என்று மூன்றெழுத்தில் அச்சிட்டிருக்கும். சில ஆண்டுகளுக்கு முன்புவரை இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்தவர்களுக்கே கிடைத்த இந்த வசதி, இப்போது இரண்டாயிரம் ரூபாய் இயர்பட்ஸிலும் கிடைக்கிறது. விலை இறங்கியதோடு குழப்பமும் ஏறியிருக்கிறது. ஒரே விலையில் பத்து வகை, ஒவ்வொன்றின் பெட்டியிலும் வெவ்வேறு எண்கள், எல்லாவற்றிலும் 'நாய்ஸ்' என்ற சொல்.

வாரம் ஒருமுறை விடுதிக்கும் வீட்டுக்கும் போய்வரும் மாணவர்கள், வேலைக்காக அடிக்கடி பேருந்திலும் இரயிலிலும் இரவைக் கழிப்பவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்தே இக்கட்டுரையை எழுதுகிறேன். ஏறக்குறைய இரண்டாயிரம் முதல் ஐந்தாயிரம் ரூபாய்வரை செலவிடக் கூடியவர்களுக்கு இது பயன்படும். நான் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியன். பேரப்பிள்ளைகளைப் பார்க்க நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு மாதம் ஒருமுறையாவது போய்வருகிறேன். ஒரு வழிக்கு ஏறக்குறைய 700 கிலோமீட்டர், பேருந்தில் பன்னிரண்டு மணி நேரம். நான் முதலில் வாங்கிய கருவி இரைச்சலைக் கொஞ்சமும் நீக்கவில்லை. ஏன் நீக்கவில்லை என்று தேடிப் படித்தபோது தெரிந்துகொண்டவைதான் இவை.

காதுக்கு என்ன ஆபத்து?

இரைச்சல் நீக்கம் என்பதை ஒரு சொகுசு என்று நினைத்திருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு அந்த எண்ணம் மாறியது.

ஓடும் பேருந்தில் சாதாரண இயர்போனில் பாட்டுக் கேட்கும்போது நாம் என்ன செய்கிறோம்? இஞ்சின் சத்தத்தைத் தாண்டிப் பாட்டுக் கேட்கும்வரை ஒலியளவைக் கூட்டுகிறோம். பேருந்துக்குள் இரைச்சல் 80 டெசிபெல் என்றால், பாட்டு தெளிவாகக் கேட்க 85 அல்லது 90 டெசிபெல்வரை வைக்க வேண்டியிருக்கிறது. அவ்வளவு சத்தமாக வைத்திருப்பது நமக்கே தெரிவதில்லை. வண்டி நின்று இஞ்சினை அணைத்தவுடன் காதில் அறைவது போலப் பாட்டு ஒலிக்கும்போதுதான் தெரிகிறது.

உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து வகுத்த அளவுகோலின்படி, பெரியவர்கள் 80 டெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம்வரை கேட்கலாம். குழந்தைகளுக்கு இந்த எல்லை 75 டெசிபெல். டெசிபெல் என்பது மடக்கை அளவை. 3 டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்காகிறது. ஆகவே கேட்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 83 டெசிபெல்லுக்கு 20 மணி நேரம், 86-க்கு 10 மணி நேரம், 89-க்கு 5 மணி நேரம். நாகர்கோவிலில் ஏறி 89 டெசிபெல்லில் பாட்டுக் கேட்கத் தொடங்குபவர், திருச்சி வருவதற்குள் அந்த வாரத்துக்கான முழு அளவையும் தீர்த்துவிடுகிறார். இது ஒரு வழிக் கணக்குதான்.

உட்செவியில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் மனிதர்களுக்கு மீண்டும் வளர்வதில்லை. பத்தாம் வகுப்பில் இதைப் பலமுறை நடத்தியிருக்கிறேன். ஆனாலும் அறுபது வயதுக்குப் பின் காதில் 'ங்ங்' என்ற ஓசை கேட்கத் தொடங்கிய பிறகுதான் அந்த வரியின் பொருள் எனக்கு முழுதாகப் புரிந்தது.

வெளி இரைச்சல் குறைந்தால் பாட்டின் ஒலியளவையும் குறைக்க முடியும். 89-இல் கேட்டவர் 77-இல் கேட்டால் அவருக்கு உள்ள நேர எல்லை வாரத்துக்கு 80 மணியாகிவிடும். இரைச்சல் நீக்கும் கருவியின் பெரும்பயன் இதுதான். கருவியை வாங்கியும் பழைய ஒலியளவிலேயே கேட்பவருக்கு இந்தப் பயன் கிடைக்காது.

ஒலியை ஒலியால் நீக்குவது

ஒலி என்பது காற்றில் மாறி மாறி வரும் அழுத்தமும் நெகிழ்வும் கொண்ட அலை. ஓர் அலையின் அழுத்தம் வரும் அதே கணத்தில், அதே அளவில் நெகிழ்வை உண்டாக்கும் இன்னோர் அலையைச் சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்துவிடும். குளத்தில் ஒரு முகடும் ஒரு பள்ளமும் சந்திக்கும் இடத்தில் நீர் சமமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே தத்துவம்தான்.

ஹெட்போனின் வெளிப்புறத்தில் உள்ள சிறு மைக் வெளி ஒலியை வாங்குகிறது. உள்ளே இருக்கும் சில்லு அதன் தலைகீழ் அலையைக் கணக்கிடுகிறது. ஒலிபெருக்கி அதைப் பாட்டோடு சேர்த்துக் காதுக்குள் விடுகிறது. சில கருவிகளில் மைக் வெளியே மட்டும் இருக்கும். சிலவற்றில் உள்ளேயும் ஒன்று இருந்து, மீதமுள்ள இரைச்சலைக் கேட்டுத் திருத்தும். இரண்டும் இருந்தால் அதை 'ஹைப்ரிட்' என்று பெட்டியில் போடுவார்கள். பொதுவாக இவ்வகை கூடுதலாக நீக்கும்.

"சார், ஆற்றலை அழிக்க முடியாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள், அந்தச் சத்தம் எங்கே போகிறது?" என்று ஒரு மாணவன் கேட்டால் மகிழ்ச்சியாக இருக்கும். ஆற்றல் அழிவதில்லை. செவிப்பறைக்கு முன்னால் உள்ள மிகச் சிறிய இடத்தில் மட்டும் அழுத்த மாறுபாடு குறைகிறது. ஆற்றலில் ஒரு பகுதியை ஒலிபெருக்கியின் மென்தகடு வாங்கிக்கொள்கிறது, மீதி வேறு பக்கம் திரும்புகிறது. பேருந்து முழுவதையும் இப்படி அமைதியாக்க முடியாது, காதருகே மட்டும் முடியும் என்பதற்கும் இதுவே காரணம்.

இந்த யோசனை புதிதல்ல. ஜெர்மானிய இயற்பியலாளர் பால் லூக் 1933-இல் இதற்குக் காப்புரிமை கோரினார். 1936-இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. ஆனால் வெற்றிடக் குழாய்க் காலத்தில் அதைக் காதில் மாட்டும் அளவுக்குச் செய்ய வழியில்லை. 1978-இல் சூரிச் நகரிலிருந்து பாஸ்டனுக்கு விமானத்தில் போன அமர் போஸ், அங்கே கொடுத்த ஹெட்போனில் இஞ்சின் இரைச்சலைத் தவிர ஒன்றும் சரியாகக் கேட்காமல் போகவே, விமானத்திலேயே அமர்ந்து இரைச்சலை நீக்கும் கணக்குகளைப் போடத் தொடங்கினார். வங்காளத்திலிருந்து அமெரிக்கா சென்ற விடுதலைப் போராட்டக்காரர் ஒருவரின் மகன் அவர், எம்.ஐ.டி. பேராசிரியர். அவருடைய போஸ் நிறுவனம் 1989-இல் விமானிகளுக்கான ஹெட்போனையும், 2000-இல் பொதுமக்களுக்கான ஹெட்போனையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. விமானத்தில் பிறந்த யோசனை என்பதால் இன்றும் இக்கருவிகள் விமான இரைச்சல் போன்ற ஒலியில்தான் மிக நன்றாக வேலை செய்கின்றன என்று வேடிக்கையாகச் சொல்லலாம். உண்மைக் காரணம் வேறு.

எது நீங்கும், எது நீங்காது?

வாங்குபவர் புரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான செய்தி இதுதான். கொஞ்சம் கணக்கு உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆறு சிலிண்டர் கொண்ட நான்கு வீச்சு டீசல் இஞ்சின் நிமிடத்துக்கு 1800 சுற்றுகள் சுழல்வதாக வைத்துக்கொள்வோம். நொடிக்கு 30 சுற்று. ஒரு சுற்றுக்கு மூன்று முறை எரிபொருள் வெடிக்கும். எனவே நொடிக்கு 90 வெடிப்பு, அதாவது 90 ஹெர்ட்ஸ். பேருந்தில் நம்மை அலுக்கச் செய்யும் 'உம்ம்ம்' என்ற ஓயாத ஓசையின் அடிப்படை இது. காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர் என்பதால் இதன் அலைநீளம் 3.8 மீட்டர். அவ்வளவு நீளமான, மெதுவாக மாறும் அலைக்குத் தலைகீழ் அலை செய்வது சில்லுக்கு எளிது.

இப்போது சில்லு 0.05 மில்லிநொடி தாமதிப்பதாக ஓர் எடுத்துக்காட்டுக்குக் கொள்வோம். 100 ஹெர்ட்ஸ் அலைக்கு ஒரு முழுச் சுற்று 10 மில்லிநொடி. அதில் 0.05 என்பது இருநூற்றில் ஒரு பங்கு, கோணத்தில் 1.8 பாகை. இந்தச் சிறு பிழையோடும் இரைச்சல் ஏறக்குறைய 30 டெசிபெல் குறைந்துவிடும். அதே தாமதம் 5000 ஹெர்ட்ஸ் அலைக்கு 90 பாகைப் பிழையாகிறது. இப்போது இரண்டு அலைகளும் ஒன்றையொன்று சமன்செய்வதில்லை. மாறாக, சேர்ந்து 3 டெசிபெல் கூடுதல் இரைச்சலைத் தரும்! 60 பாகைப் பிழையில் இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. பதினோராம் வகுப்பு மாணவர்கள் இரண்டு சைன் அலைகளைக் கூட்டி இதைச் சரிபார்க்கலாம்.

அதனால்தான் தயாரிப்பாளர்கள் ஏறக்குறைய 1000 ஹெர்ட்ஸுக்கு மேல் மின்னணு நீக்கத்தைப் பெரிதும் நம்புவதில்லை. அதற்கு மேற்பட்ட ஒலியைத் தடுப்பது காதை அடைக்கும் ரப்பர் முனையும் பஞ்சுமெத்தையும்தான்.

பயணத்துக்கு வந்தால் இதன் பொருள் என்ன? இஞ்சினின் உறுமல், விமானத்தின் இரைச்சல், இரயில் பெட்டியில் ஏ.சி.யின் ஓசை, தண்டவாளத்தின் அடியதிர்வு ஆகியவை நன்றாகக் குறையும். ஏர் ஹாரன், பக்கத்து இருக்கைக் குழந்தையின் அழுகை, 'காபி, காபி' என்ற குரல், முன் இருக்கைக்காரர் கைப்பேசியில் சத்தமாகப் பார்க்கும் காணொளி ஆகியவை ஓரளவே குறையும். சில நேரம், அடியில் இருந்த உறுமல் போனதால் பேச்சு முன்பைவிடத் தெளிவாகக்கூடக் கேட்கும். "எல்லாம் கேட்கிறதே, ஏமாற்றிவிட்டார்கள்" என்று கருவியைத் திருப்பி அனுப்பும் பலர் இந்த இயல்பைத் தெரியாதவர்கள். தீபாவளி வெடியையோ ஓட்டுநர் போடும் சினிமாவையோ எந்த விலைக் கருவியும் முற்றாக மறைக்காது.

பெட்டியின் மேல் உள்ள எழுத்துகள்

நான் ஏமாந்த இடம் இது. இணையத்தில் 1,299 ரூபாய்க்கு ஒரு இயர்பட்ஸ் வாங்கினேன். 'நாய்ஸ் கேன்சலேஷன்' என்று பெரிதாகப் போட்டிருந்தது. அதற்கு முன்னால் சிறிய எழுத்தில் இருந்த 'இ.என்.சி.' என்பதை நான் பொருட்படுத்தவில்லை.

இ.என்.சி. என்பது நாம் தொலைபேசியில் பேசும்போது, நம் மைக்கில் விழும் சுற்றுப்புற இரைச்சலை வடிகட்டும் வசதி. அதன் பயன் மறுமுனையில் கேட்பவருக்கு. நம் காதுக்கு அது எதுவும் செய்யாது. சில கருவிகளில் 'சி.வி.சி.' என்று போட்டிருப்பதும் இதே வகைதான். நாம் தேட வேண்டியது ஏ.என்.சி., அதாவது 'ஆக்டிவ்' என்ற சொல்லோடு வருவது. 'பாசிவ் நாய்ஸ் கேன்சலேஷன்' என்றால் ரப்பர் முனை காதை அடைக்கிறது என்பதைத் தவிர வேறில்லை. சந்தேகம் இருந்தால் ஒரே கேள்வி போதும்: ஏ.என்.சி.யை இயக்கவும் நிறுத்தவும் தனிப் பொத்தான் அல்லது தொடுமுறை இருக்கிறதா? இல்லையென்றால் அந்த வசதியே இல்லை என்று கொள்ளலாம்.

அடுத்தது டெசிபெல் எண். ஒன்றில் '32 டெசிபெல் வரை', இன்னொன்றில் '45 டெசிபெல் வரை', மற்றொன்றில் '50 டெசிபெல் வரை' என்றிருக்கும். கவனிக்க வேண்டிய சொல் 'வரை'. ஏதோ ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில், ஆய்வகத்தில், சரியாகப் பொருந்திய நிலையில் கிடைத்த உச்ச அளவு அது. எல்லா ஒலியிலும் அவ்வளவு குறையும் என்று பொருளல்ல. ஒவ்வொரு நிறுவனமும் தன் முறையில் அளப்பதால், ஒரு நிறுவனத்தின் 45-ஐ இன்னொன்றின் 32-உடன் ஒப்பிட்டு விலையைக் கூட்டிக் கொடுப்பதில் பொருளில்லை. 10 டெசிபெல் குறைந்தாலே நம் காதுக்கு ஒலி பாதியானது போலத் தோன்றும். மலிவான கருவி பேருந்து உறுமலில் உண்மையாகவே 15 டெசிபெல் குறைத்தால் அது நல்ல கருவி.

காதில் பொருந்துவதே பாதி வேலை

கடைக்காரர் சொல்லாத, விளம்பரத்திலும் வராத செய்தி இது. ரப்பர் முனைக்கும் காதுத் துளைக்கும் இடையே நூலளவு இடைவெளி இருந்தாலும் கீழ் அதிர்வெண் ஒலி உள்ளே நுழைந்துவிடும். பாட்டின் தாழ்வொலியும் அதே வழியாக வெளியே போய்விடும். பிறகு எவ்வளவு நல்ல சில்லு இருந்தும் பயனில்லை. இரண்டாயிரம் ரூபாய்க் கருவி சரியாகப் பொருந்தினால், பொருந்தாத பத்தாயிரம் ரூபாய்க் கருவியைவிட நன்றாக வேலை செய்யும்.

பெட்டியில் சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று அளவு ரப்பர் முனைகள் இருக்கும். பெரும்பாலானோர் கருவியில் ஏற்கெனவே மாட்டியிருக்கும் நடுத்தர முனையோடு விட்டுவிடுகிறார்கள். மூன்றையும் மாட்டிப் பாருங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவுதான் பொருந்த வேண்டும் என்றில்லை. எனக்கு வலக்காதுக்கு நடுத்தரம், இடக்காதுக்குப் பெரிது. சரியாக மாட்டினால் உங்கள் குரலே உங்களுக்குக் குடத்துக்குள் பேசுவது போலக் கேட்கும். அதுதான் அடையாளம். ரப்பர் நிற்காதவர்கள் நினைவு நுரை எனப்படும் பஞ்சு முனைகளைத் தனியே வாங்கலாம். அழுத்திச் செருகினால் காதுக்குள் விரிந்து பொருந்தும். அளவு பார்த்து வாங்க வேண்டும், சில மாதங்களில் நைந்துபோகும்.

காதை முழுதாக மூடும் பெரிய ஹெட்போனுக்கு வேறு தொல்லைகள். மூக்குக்கண்ணாடியின் காது மேல் உள்ள கம்பி, மெத்தைக்கும் தலைக்கும் இடையே வழிவிட்டுவிடும். மெல்லிய கம்பி என்றால் குறைவு, தடித்த பிளாஸ்டிக் சட்டம் என்றால் அதிகம். பெரிய கம்மல், ஜிமிக்கி போட்டவர்களுக்கும் இதே சிக்கல், வலியும் உண்டு. காதின் மேலேயே உட்காரும் சிறிய மெத்தை வகை ஹெட்போனை இதற்காக வாங்கவே வேண்டாம் என்பேன். அது காதைச் சரியாக மூடுவதில்லை.

காதுக்கு உள்ளே எதையும் வைத்தால் பிடிக்காத சிலர், வெறும் காதோரம் தொங்கும் வகையிலும் ஏ.என்.சி. வருகிறதே என்று கேட்கிறார்கள். வருகிறது. ஆனால் அடைப்பு இல்லாததால் நீக்கும் அளவு குறைவாகவே இருக்கும்.

மூன்று வகைகள், யாருக்கு எது?

கழுத்தில் தொங்கும் நெக்பேண்ட் இப்போது பழைய பாணியாகிவிட்டது என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். பேருந்து, இரயில் பயணிக்கு என் முதல் பரிந்துரை இன்னும் அதுதான். தூக்கத்தில் காதிலிருந்து கழன்றாலும் கழுத்திலேயே கிடக்கும். மின்கலம் பெரிது என்பதால் ஏ.என்.சி. இயங்கும்போதும் ஓர் இரவைத் தாண்டி வரும். ஏ.என்.சி. உள்ள நெக்பேண்ட் ஏறக்குறைய 1,500 ரூபாயிலிருந்து 2,500 ரூபாய்க்குள் கிடைக்கிறது. இவ்வகையில் புது மாதிரிகள் குறைந்துவருவதால் தேடித்தான் பிடிக்க வேண்டும். படுக்கை வசதி வண்டியில் ஒருக்களித்துப் படுத்தால் கழுத்துப் பட்டை கொஞ்சம் உறுத்தும்.

தனித்தனியாக இருக்கும் இயர்பட்ஸ் 1,500 ரூபாயிலிருந்து தொடங்குகிறது. என் அனுபவத்தில் இரண்டாயிரத்துக்குக் கீழே உள்ளவற்றில் ஏ.என்.சி. பெயருக்குத்தான் இருக்கிறது. 2,500 முதல் 3,500 ரூபாய்க்குள் உள்ளவை பேருந்து உறுமலை நன்றாகவே குறைக்கின்றன. இவற்றின் குறை மின்கலம். பெட்டியில் '40 மணி நேரம்' என்றிருப்பது சார்ஜ் செய்யும் டப்பாவின் இருப்பையும் சேர்த்து, ஏ.என்.சி.யை நிறுத்திவைத்த கணக்கு. ஏ.என்.சி.யோடு ஒரே மூச்சில் ஐந்து ஆறு மணி நேரம் வந்தால் நல்லது. பன்னிரண்டு மணி பயணத்தில் இரண்டு முறை டப்பாவில் போட்டு எடுக்க வேண்டும். இன்னொரு குறை, கீழே விழுவது. மேல் படுக்கையிலிருந்து விழுந்த ஒரு மொட்டை இரயில் பெட்டியின் இருட்டில், அடுத்தவர் பைகளுக்கு இடையே தேடியிருக்கிறீர்களா? நான் தேடியிருக்கிறேன். திண்டுக்கல்லிலிருந்து மணப்பாறைவரை.

காதை மூடும் பெரிய ஹெட்போன், ஏ.என்.சி.யோடு 2,500 ரூபாயிலேயே தொடங்குகிறது. நம்பிக்கையாக வாங்க நான்காயிரத்துக்கு மேல் போக வேண்டும். இன்னும் கொஞ்சம் சேர்த்துவைக்க முடிந்தால் சோனியின் டபிள்யூ.எச்.-சி.எச்.720என் போன்றவை உண்டு. 192 கிராம் எடைதான், ஏ.என்.சி.யோடு 35 மணி நேரம் வரும் என்று நிறுவனம் கூறுகிறது, கம்பி செருகியும் கேட்கலாம். சாதாரண நாளில் விலை எட்டாயிரம் ரூபாயை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். விமானத்தில் அடிக்கடி போகிறவர்களுக்கும் விடுதி அறையில் படிக்கிறவர்களுக்கும் இவ்வகை மிகப் பொருத்தம். ஏ.சி. இல்லாத பேருந்தில் மே மாதத்தில் இதை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் இருந்து பாருங்கள், காதைச் சுற்றி வியர்வை வழியும். பக்கவாட்டில் சாய்ந்து தூங்கவும் முடியாது.

வேறு எந்த மாதிரியின் பெயரையும் நான் சொல்லாததற்குக் காரணம் உண்டு. இந்த விலையில் மாதிரிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறுகின்றன. இன்று நான் எழுதும் பெயர் நீங்கள் படிக்கும்போது கடையில் இருக்காது.

ஜன்னலோரக் காற்று

ஏ.சி. இல்லாத வண்டியில் போகிறவர்கள் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். திறந்த ஜன்னலோரம் அமர்ந்தால் காற்று நேராக வெளி மைக்கில் மோதும். மைக் அதை இரைச்சல் என்று எண்ணித் தலைகீழ் அலை செய்ய முயலும். காதில் 'பட பட' என்று புதிய சத்தம் உண்டாகும். சில கருவிகளில் காற்றுக்கென்று தனி அமைப்பு உண்டு. அது பெரும்பாலும் வெளி மைக்கின் வேலையைக் குறைத்துவிடுவதுதான், அதோடு நீக்கும் அளவும் குறையும். ஆகவே உங்கள் பயணம் பெரும்பாலும் திறந்த ஜன்னல் வண்டியில் என்றால், ஏ.என்.சி.க்குக் கூடுதல் பணம் கொடுக்கும் முன் இருமுறை யோசியுங்கள். நன்றாக அடைக்கும் ரப்பர் முனை கொண்ட ஐந்நூறு ரூபாய்க் கம்பி இயர்போனே உங்களுக்குப் போதுமாக இருக்கலாம்.

தூங்குவது மட்டும்தான் நோக்கம் என்றால் அதுவும் தேவையில்லை. மருந்துக்கடைகளில் கிடைக்கும் நுரைக் காதடைப்பான் மிகக் குறைந்த செலவில் வேலையை முடித்துவிடும். அதை விரல்களுக்கிடையே உருட்டி ஒல்லியாக்கி, மறுகையால் காது மடலை மேலே பின்பக்கம் இழுத்துக்கொண்டு, உள்ளே செருகி, விரியும்வரை அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். வெறுமனே துளையின் வாயில் வைத்துவிட்டு "இது வேலை செய்யவில்லை" என்பவர்களே அதிகம். குழந்தை அழுகை போன்ற மேல் அதிர்வெண் ஒலியை இது ஏ.என்.சி.யைவிட நன்றாகத் தடுக்கும்.

வாங்கும்போது

கடையில் வாங்கினால் காதில் போட்டுப் பார்க்க விடச் சொல்லுங்கள். சுகாதாரம் கருதி இயர்பட்ஸைத் தர மறுப்பார்கள், அது நியாயமே. பெரிய ஹெட்போனைத் தருவார்கள். பாட்டுப் போட்டுக் காட்டத்தான் முயல்வார்கள், நீங்கள் பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள். ஓடும் மின்விசிறிக்குக் கீழே அல்லது ஏ.சி.க்கு அருகே நின்று, ஏ.என்.சி.யை மாற்றி மாற்றி இயக்கி நிறுத்திக் கேளுங்கள். விசிறியின் உறுமல் சட்டென்று விலகியது போல் இருக்க வேண்டும். மெல்லிய 'ஸ்ஸ்' ஓசை மலிவான கருவிகளில் இருக்கும், அது பொறுக்கக்கூடிய அளவா என்று பாருங்கள். சிலருக்கு மலையேறும் வண்டியில் காதடைப்பது போன்ற அழுத்த உணர்வு வரும். பத்து நிமிடம் போட்டிருந்தும் அது போகவில்லையென்றால் அந்தக் கருவி உங்களுக்கு ஒத்துவராது.

இணையத்தில் வாங்கினால் திருப்பி அனுப்பும் காலம் எத்தனை நாள் என்பதை முதலில் படியுங்கள். 'மாற்றித் தரப்படும்' என்பதும் 'பணம் திரும்பும்' என்பதும் ஒன்றல்ல. இயர்பட்ஸுக்குப் பல நேரம் முதலாவது மட்டும்தான். அந்தக் காலம் முடிவதற்குள் ஒரு பயணம் வருமாறு பார்த்து வாங்குவது என் பழக்கம். வீட்டில் சோதிப்பதற்கும் வண்டியில் சோதிப்பதற்கும் வேறுபாடு உண்டு. பெயர்பெற்ற நிறுவனங்களின் போலிகளும் ஏராளம். பதினைந்தாயிரம் ரூபாய்ப் பொருள் ஆயிரத்து ஐந்நூறுக்கு வந்தால் அது அந்தப் பொருள் அல்ல. கம்பியில்லா ஹெட்போனுக்கு இந்தியாவில் பி.ஐ.எஸ். பதிவு கட்டாயம். பெட்டியிலோ கருவியிலோ அதன் குறியும் 'ஆர்' என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கும். இரசீதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெளி ஒலியை வேண்டும்போது உள்ளே விடும் வசதி ஒன்று உண்டு, 'டிரான்ஸ்பரன்சி' அல்லது 'ஆம்பியன்ட்' என்பார்கள். இதை நான் ஏ.என்.சி.க்கு இணையாக மதிக்கிறேன். நடத்துநர் ஊர் பெயரைச் சொல்வதும், நடைமேடை மாறிய அறிவிப்பும் கேட்காமல் போனால் அமைதியால் என்ன பயன்? தண்டவாளத்தைக் கடக்கும்போதும், சாலையில் நடக்கும்போதும், இருசக்கர வண்டி ஓட்டும்போதும் காதிலிருந்து கழற்றிப் பையில் போட்டுவிட வேண்டும். தனியாக இரவில் பயணிக்கும் பெண்கள் ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்வதாகச் சொல்கிறார்கள், அது சரியான முன்னெச்சரிக்கை.

வாங்கிய பின்

சிறிய மின்கலங்கள் இரண்டு மூன்று ஆண்டுகளில் தளர்ந்துவிடும், இயர்பட்ஸில் அதை மாற்றுவது பெரும்பாலும் இயலாது. மூவாயிரம் ரூபாய்ப் பொருளை ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் வாடகை என்று எண்ணிக்கொண்டால் ஏமாற்றம் இராது. வெயிலில் நிற்கும் காரில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். விமானத்தில் போகும்போது மின்கலம் உள்ள இவற்றைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

நாளடைவில் ஒரு பக்கம் சத்தம் குறைந்தால் உடனே பழுது என்று முடிவு செய்ய வேண்டாம். பெரும்பாலும் காதழுக்கு வலையை அடைத்திருக்கும். ரப்பர் முனையைக் கழற்றிச் சோப்பு நீரில் கழுவி நன்றாகக் காயவையுங்கள். வலையைக் கீழ்நோக்கிப் பிடித்து, ஈரமில்லாத மென்மையான பல்துலக்கியால் மெதுவாகத் தட்டித் துடையுங்கள். ஊசி போட்டுக் குத்தக் கூடாது, வலை கிழிந்துவிடும். காதில் வலியோ சீழோ இருக்கும் நாட்களில் எதையும் மாட்டக் கூடாது. ஒருவர் மாட்டியதை இன்னொருவர் மாட்டுவதையும் தவிர்க்க வேண்டும். என் பேரன் இதைக் கேட்பதாக இல்லை, ஆகவே அவனுக்கென்று ஒரு சோடி ரப்பர் முனைகளைத் தனியாக வைத்திருக்கிறேன்.